கில்பிரானாவின் கரைக்கு வந்த தீவு

ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாமலும் பால் வண்டி கல்பாலத்தைக் கடந்து போன கொஞ்ச நேரத்தில், அதுவரை ஏரிக்கு நடுவே இருந்த தீவு, தன்மேல் இருந்த கூரையில்லாத மடாலயத்தோடும், உயரத்தில் வாசல் வைத்துக் கட்டிய வட்டக் கோபுரத்தோடும், கோபுரத்துக் காக்கைகளோடும், கல்லறைத் தோட்டத்துக் கரும்பச்சை யூ மரங்களோடும் கிளம்பி, கில்பிரானா ஊரின் படகுத்துறைக்கு வந்து, ஒரு ஆள் காலை அகட்டி வைத்தால் ஏறிவிடக்கூடிய தூரத்தில் நின்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. துறையோரத்தில் படகுச் சீட்டு விற்கும் சின்ன மரக்கூண்டுக்குள் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்ற ப்ரீடா ஹெஃபர்னன், வெளிச்சம் திடீரென்று குறைந்ததால் நிமிர்ந்து, ஜன்னல் முழுக்கப் புல்லும் கல்லுமாக இருப்பதைப் பார்த்து, கொதிக்க ஆரம்பித்திருந்த கெட்டிலை அணைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா வேலைக்கு வந்து சேர்ந்தபோது துறையில் பாதி ஊர் கூடியிருந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலில் விழவில்லை. மழையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சு பாருங்க," என்றார் தபால்காரர்.

"வந்துருச்சு," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ராத்திரி காத்து மேக்கேருந்து அடிச்சுதே."

"காத்துக்கெல்லாம் இது வராது. அதுக்கே வரணும்னு தோணியிருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. ரொட்டிக்கடைக்காரருக்கு அடுப்பில் வேலை இருந்தது, போய்விட்டார்.

ஜெசிந்தா மணப்பாட்டுக்காரி. அவள் கணவன் ரெக்சன் பக்கத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனுக்கு வேலை கிடைத்து அயர்லாந்துக்கு வந்தபோது, வாடகை குறைவு என்பதால் இந்த ஏரிக்கரை ஊரில் வீடு பிடித்தார்கள். சொந்த ஊரில் சரித்திர வாத்தியாராக இருந்தவள் இங்கே முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து, அது என்ன கோபுரம், இது யார் கோட்டை என்று கடைக்குக் கடை கேட்கத் தொடங்கி, கடைசியில் ப்ரீடாவின் கணவர் டோனல் ஹெஃபர்னனின் சுற்றுலாப் படகில் மைக் பிடித்துக் கதை சொல்லும் வேலையில் போய் நின்றாள். டோனல் படகை ஓட்டுவார், இவள் பேசுவாள். வாய் திறந்து பேசுவது டோனலுக்கு ஒத்துவராத காரியம் என்பதால் அவருக்கும் நிம்மதி. ஜெசிந்தா என்று அந்த ஊரிலேயே இரண்டு மூன்று பெண்கள் இருந்ததால் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் பாடும் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

சுற்றுலாப் பருவம் முழுக்க அவள் சொன்னாள்: புனித ப்ரோனா என்பவள் படகு கிடைக்காமல் ஒரு தட்டைக் கல்லின் மேல் ஏறி ஏரியைக் கடந்து வந்து தீவில் மடம் கட்டியதை, வைக்கிங்குகள் ஆற்றின் வழியே தட்டைப் படகுகளில் ஏறி வந்து அந்த மடத்தைத் திரும்பத் திரும்ப எரித்ததை, ஒவ்வொரு தடவையும் துறவிகள் கோபுரத்துக்குள் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொண்டதை, கரையில் கோட்டை கட்டிய குறுநிலத் தலைவன் தன் மைத்துனனை விருந்துக்குக் கூப்பிட்டு வாசலிலேயே வெட்டியதை, பஞ்ச காலத்தில் கஞ்சி காய்ச்சிய இரும்புக் கொப்பரையில் இன்று சந்தைத் திடலில் பூச்செடி வளர்வதை, நீராவிக் கப்பலில் பிரபுக்கள் மீன்பிடிக்க வந்ததை, மே மாதத்தில் ஏரியிலிருந்து ஈசல் மாதிரி கோடி கோடியாகப் பூச்சிகள் எழுவதையும், அவற்றைத் தின்ன மீன்கள் மேலே வருவதையும், மீன்களைப் பிடிக்க உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவதையும். எல்லாம் சொல்லி முடிக்கும் நேரம் படகு தீவின் தெற்குத் துறையில் போய் நிற்கும். "வடக்குப் பக்கம் சதுப்பு, கால் வைக்க முடியாது" என்பதுதான் அவள் கடைசியாகச் சொல்லும் வாக்கியம். அதை மட்டும் டோனல் சொல்லச் சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டோனல் தன் படகில் நின்று, ஏற்கனவே சுருட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இனி என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஒண்ணும் செய்யவேண்டியதில்ல," என்றார். "படகுல ஏத்தி ஏரியை ஒரு சுத்துச் சுத்திட்டு இங்கயே கொண்டுவந்து இறக்கிவிடுவோம்."

அப்படியே செய்தார்கள். சுற்றுலாப் பயணிகளும் அப்படியே ஏறி, சுற்றி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி, தீவைப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனார்கள்.

ஊர் தீவைத் தன் வாழ்க்கைக்குள் இடம் போட்டு வைத்துக்கொண்டதைப் பார்ப்பதுதான் ஜெசிந்தாவுக்குத் தீவைவிடப் பெரிய வேடிக்கையாக இருந்தது. அரசாங்கத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து கம்பு விட்டுப் பார்த்தார். தீவுக்கு அடியில் முன்பு இருந்ததுபோலவே தண்ணீர் இருந்தது. தீவு எதன்மேலும் உட்காராமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு மரப்பலகையைப் பாலமாகப் போடச் சொல்லி, "தற்காலிகம்" என்று எழுதிய அட்டையை அதில் ஆணியடித்துவிட்டுப் போனார். காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து, இது அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று கேட்டான்; அவனை ரொட்டிக்கடையில் தேநீர் குடிக்கவைத்து அனுப்பினார்கள். கோபுரத்துக் காக்கைகளும் ஊர்க் கோயில் மணிக்கூண்டுக் காக்கைகளும் கொஞ்ச காலம் பெரிய சண்டை போட்டு, பிறகு ஒன்றுக்குள் ஒன்று சம்பந்தம் செய்துகொண்டன. பப்பின் வெளிப்பெஞ்சில் சாயங்கால வெயிலில் உட்கார்ந்து குடிப்பவர்கள் மேல் இப்போது கோபுர நிழல் விழுந்ததால், நிழல் நகர நகர அவர்களும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, கடைசியில் பெஞ்சுக்குச் சக்கரம் வைத்தார்கள். நகர்ந்தது தீவா ஊரா என்று இரண்டு கட்சி உண்டாயிற்று. ஊர்தான் நகர்ந்தது என்ற கட்சியில் ஆள் குறைவு என்றாலும் குரல் அதிகம். சந்தைத் திடலில் இருந்த ஊர் வரைபடத்தில் ஏரி நடுவே இருந்த பச்சைப் புள்ளியை யாரோ நீலம் பூசி அழித்து, துறையை ஒட்டி இன்னொரு பச்சைப் புள்ளி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் தீவு எப்போதும் அங்கேதான் இருந்தது என்பதுபோல, ஜனங்கள் நாய்களை நடத்திக்கொண்டு பலகைமேல் போய்வந்தார்கள்.

ஓட்டல் வைத்திருக்கும் ஃபின்டன் குவிர்க்தான் எல்லாரிலும் சந்தோஷமாக இருந்தார். ஊர்ச் சுற்றுலாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மடாலயத்து வாசல் வளைவு, அதற்குள் தெரியும் கோபுரம் இரண்டும் அவர் ஓட்டல் மாடி அறைகளுக்கு நேராக வந்து நின்றிருந்தன. "கடவுளே பார்த்து நிறுத்தினமாதிரி இருக்கு," என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார்.

ஆனால் தீவு திரும்பிக்கொண்டிருந்தது.

முதலில் கவனித்தது ஜெசிந்தாதான். ஒவ்வொரு நாள் காலையிலும் துறையின் விளக்குக் கம்பத்தடியில் நின்று அவள் பார்ப்பாள். முதல் வாரம் கம்பத்துக்கு நேராக மடாலய வாசல் இருந்தது, பிறகு வாசலுக்குப் பக்கத்துச் சுவர், பிறகு யூ மரங்கள். தூக்கத்தில் மெல்லப் புரண்டு படுக்கிற ஆளைப்போல, அவசரமில்லாமல், தன்பாட்டுக்குத் தீவு திரும்பியது. குவிர்க்கின் மாடி அறைகளிலிருந்து வாசல் வளைவு நழுவிப் போயிற்று. மே மாதம் பிறந்தபோது, டோனலின் படகு ஒருநாளும் போகாத வடக்குப் பக்கம் ஊருக்கு நேராக முகம் காட்டி நின்றது.

அங்கே சதுப்பு எதுவும் இல்லை. ஏரியை நோக்கிச் சரியும் ஒரு புல்மேடு, அதன் உச்சியில் வெள்ளையாகப் பூத்த முள்மரங்கள், மேடு முழுக்கப் புல்லுக்குள் சின்னச் சின்ன கற்கள். சாதாரணக் கற்கள்தான். ஒன்றிலும் எழுத்து இல்லை, சிலுவை இல்லை. ஆனால் யாரோ பொறுக்கியெடுத்துக் கொண்டுவந்து வைத்த கற்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. சிலவற்றின் தலைமாட்டில் வெயிலில் மினுங்கும் வெள்ளைப் படிகக்கல் ஒன்று.

அன்றிலிருந்து ஊரில் ஒரு மாறுதல். ஏரியைப் பார்த்த வீடுகளில் பகலிலும் திரைச்சீலைகள் மூடிக் கிடந்தன. கரையோரம் நடக்கப் போகிற வயதானவர்கள் மேட்டுச் சாலை வழியாகப் போனார்கள். பலகைப் பாலத்தில் இளசுகளும் வெளியூர்க்காரர்களும் மட்டுமே நடமாடினார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. ஒரு ஜெர்மன்காரர் ஜெசிந்தாவிடம் கேட்டார், "அந்தக் கற்கள் என்ன?" அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வது அவளுக்குக் கூச்சமாக இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மரக்கூண்டில் போய்க் கேட்டாள். "ப்ரீடா, அந்த மேட்டுல இருக்கிற கல்லெல்லாம் என்னது?"

ப்ரீடா அவளைப் பார்த்தாள். கோபமில்லை. சீட்டு விற்கும் ஜன்னலின் கதவை மெதுவாக இழுத்து மூடினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

டோனலிடம் கேட்டபோது அவர் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் கெட்டுப்போகாத எதையோ சரிசெய்தார்.

அன்று மத்தியானம் ஜெசிந்தா பலகையைக் கடந்து வடக்கு மேட்டுக்குப் போனாள். முள்மரப் பூக்கள் கற்கள்மேல் உதிர்ந்திருந்தன. கற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து கையால் அளந்து பார்த்தாள். பெரிய ஆள் படுக்க அந்த இடம் போதாது. அங்கேயே உட்கார்ந்து மணப்பாட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏளா, தீவு கரைக்கு வந்துட்டுன்னு மாப்பிள்ள சொன்னாவ. நெசமா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"வந்தா வந்துட்டுப் போவுது. மீன் படுதா?"

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? நம்ம கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய, தாழம்புதருகிட்ட, கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி வைப்பியே. அது யாருக்கு?"

அம்மா போனோடு வாசலுக்கு வந்திருக்க வேண்டும், கடல் சத்தம் கேட்டது.

"ஒனக்கு மூத்தது," என்றாள் அம்மா. "ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள போயிட்டு. உள்ள வைக்கக்கூடாதுன்னுட்டாவ அப்பம். இப்பம் எதுக்குக் கேக்க?"

"இங்கயும் அப்படி ஒரு எடம் இருக்கும்மா. நிறைய இருக்கு."

"வெளக்கு வைக்க யாரும் வாறாவளா?"

"இல்லம்மா. யாரும் வாறதே இல்ல."

"நீங்க போகலன்னா அதுதானளா வரணும்," என்றாள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனதைச் சொல்வதுபோல. "சரி, வெயிலுக்குள்ள ஒக்காராத. சாப்ட்டியா?"

மே பூச்சித் திருவிழாவுக்கு முன்னால் சுற்றுலாக் குழுவின் கூட்டம் சந்தை மாளிகை மண்டபத்தில் நடந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம். வயதானவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், பின்வரிசைகளில். குவிர்க் எழுந்து, நிதானமாக, நல்லவிதமாகவே பேசினார். தீவை மறுபடி திருப்ப வேண்டும். முடிந்தால் கொஞ்சம் தள்ளியே நிறுத்த வேண்டும். ஊரிலுள்ள படகுகள் எல்லாம் கயிறு கட்டி ஒரே நேரத்தில் இழுத்தால் வரும் என்று பொறியாளர் சொல்கிறார். டோனலின் படகுதான் பெரியது, அவர் எஞ்சின் முடுக்கும்போது மற்றவர்களும் முடுக்குவார்கள்.

"வர்றவங்க பார்க்கவேண்டியது மடாலயம், கோபுரம். அந்தப் பக்கம் பார்க்க ஒண்ணும் இல்ல," என்றார். "ஜெசிந்தா, மைக்ல நீங்க வழக்கமா சொல்றதையே சொன்னாப் போதும். சதுப்புன்னு."

ஜெசிந்தா எழுந்தாள். வந்தேறியான தான் இந்தக் கேள்வியைக் கேட்டால் நாளை ரொட்டிக்கடையில் யார் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை நாளும் இந்த ஊரில் அவளை எல்லாரும் ஏற்றுக்கொண்டதே அவள் கேள்வி கேட்கிறவள் என்பதால்தான்.

"அது சதுப்பில்ல, மிஸ்டர் குவிர்க். நான் போய்ப் பார்த்தேன்," என்றாள். "அங்க புதைச்சிருக்கிறது யாரை?"

குவிர்க் தன் கைகளைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"எங்க பிள்ளைங்களை," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ப்ரீடா எழுந்து நின்றிருந்தாள். பொத்தான் போட்ட கோட்டோடு, கைப்பையை வயிற்றோடு பிடித்தபடி. பக்கத்தில் டோனல் தொப்பியை மடியில் வைத்துக் குனிந்திருந்தார்.

"பிறந்து ஞானஸ்நானம் கிடைக்காம போனதுங்களை," என்றாள் ப்ரீடா, ஜெசிந்தாவைப் பார்த்து, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல. "கோயில் கல்லறைல இடம் கிடையாது அப்ப. மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல, நடுவுல ஏதோ ஒரு இடம்னு சொல்லுவாங்க. அப்பாமார் பெட்டியைத் துணில மறைச்சு எடுத்துக்கிட்டுப் படகுல போவாங்க, திரும்பி வருவாங்க. அம்மாமார்கிட்ட யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. கேட்கவும் கூடாது. எனக்கு எப்படித் தெரியும்னா, டோனல் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவர் பூட்ஸ் நனைஞ்சிருந்தது. அது எந்தக் கல்லுன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவள் உட்கார்ந்தாள். பேச்சு முடிந்தது. இன்னும் சில பெண்கள் எழுந்துநின்று, அவள் சொன்னதே போதும் என்று நினைத்தவர்களைப்போல மறுபடி உட்கார்ந்தார்கள்.

குவிர்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "அதனாலதான் சொல்றேன், ப்ரீடா. வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு முன்னால எதுக்கு? தள்ளி இருந்தாத்தான் அவங்களுக்கும் அமைதி." அவர் பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார், பலரும் அப்படித்தான் நம்பினார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கியவர்கள் அதிகம். டோனல் தூக்கவுமில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை, காற்றில்லாத வெளிச்சமான காலையில், ஏரியிலிருந்து பூச்சிகள் மெல்லிய புகையாக எழுந்துகொண்டிருக்க, ஊரிலுள்ள படகுகள் எல்லாம் தீவைச் சுற்றி நின்றன. பாறைகளிலும் யூ மரங்களின் அடியிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ஜெசிந்தா டோனலின் படகில், பின்பக்கம் கயிற்றுக்குக் காவலாக நின்றாள். வரமாட்டேன் என்றுதான் முந்தின நாள் சொல்லியிருந்தாள்.

"நீ வா," என்றிருந்தார் டோனல். "எனக்கு யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்." அவர் அவளிடம் தனக்காக எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

குவிர்க் துறையில் நின்று கையை உயர்த்திய நேரம், மரக்கூண்டின் கதவு திறந்தது. ப்ரீடா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பலகையைக் கடந்து, வடக்கு மேட்டில் ஏறி, கற்களுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"ப்ரீடா, இறங்கி வாங்க. ஆபத்து," என்றார் குவிர்க்.

"எனக்கு என்ன ஆபத்து? நான் சும்மா உக்காந்திருக்கேன்."

பிறகு ரொட்டிக்கடைக்காரரின் மனைவி சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு மேட்டுச் சாலையிலிருந்து இரண்டு சகோதரிகள், ஆளுக்கொரு பக்கம் பிடித்த நீளப் பெஞ்சோடு. பிறகு பியானோ ஸ்டூல், மடக்கு நாற்காலி, தோட்டத்து பிளாஸ்டிக் நாற்காலி, மகன் தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலி. யாரும் கோஷம் போடவில்லை, அட்டை பிடிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்து, ஊரைப் பார்த்தார்கள். எந்தக் கல் யாருடையது என்று தெரியாததால், ஏதோ ஒரு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி குனிந்து, ஒரு கல்லின்மேல் கிடந்த பூக்களைத் தட்டிவிட்டாள். பிறகு, தட்டியிருக்கவேண்டாமோ என்று நினைத்தவளாகத் திரும்ப அள்ளிப் போட்டாள்.

இளவயசுப் பாதிரியார் ஃபாதர் மலாக்கி பலகைவரை ஓடிவந்து, மூச்சுவாங்க, "ப்ரீடா, நான் தீர்த்தம் கொண்டுவரட்டுமா? மந்திரிச்சுடலாம்," என்றார்.

"வேணாம் ஃபாதர்," என்றாள் ப்ரீடா. "இத்தனை வருஷமா தண்ணிக்கு நடுவுலதான இருந்தாங்க. நீங்க வேணும்னா உக்காருங்க."

ஃபாதர் பெஞ்சின் ஓரத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

குவிர்க் உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். படகுகளில் இருந்தவர்கள் எல்லாரும் டோனலைப் பார்த்தார்கள், அவர் எஞ்சின் முடுக்குவதற்காக. அவர்களில் பாதிப்பேருக்கு அந்த மேட்டில் அம்மாவோ அத்தையோ உட்கார்ந்திருந்தாள். டோனலின் கை எஞ்சின் பிடிமேல் இருந்தது. அவர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார். பின்பக்கம் வந்து, ஜெசிந்தா பிடித்திருந்த கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டார். மற்றப் படகுகளிலும் ஒவ்வொரு கயிறாகத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. குவிர்க் கையை இறக்கினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஓட்டலுக்குள் போய், அவருடைய அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு உட்கார, சாப்பாட்டு அறையின் நல்ல நாற்காலி ஒன்றையும் தூக்கி வந்தார்.

டோனல் துடுப்பால் தள்ளி, படகைத் தீவின் வடக்குக் கரையில் ஒட்டினார். இறங்கியவர் நேராக ப்ரீடாவிடம் போகவில்லை. மேட்டின் இடதுபுறம், ஏரிக்குப் பக்கமாக, ஒரு முள்மரத்தடியில் போய் நின்றார். தேடவேயில்லை, கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கேதான் போய் நின்றிருப்பார் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. தொப்பியைக் கழற்றினார்.

"இது," என்றார்.

ப்ரீடா எழுந்து வந்தாள். அவ்வளவு தூரமும் அவள் கால் எங்கேயும் தடுக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கல், அதன் தலைமாட்டில் படிகக்கல்.

"ஏன் சொல்லல?"

"சொல்லாம இருந்தா நீ மறந்துருவேன்னாங்க. டாக்டர், உங்க அம்மா, அப்ப இருந்த ஃபாதர். எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்புனேன். அப்புறம் நாளாக ஆக எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ப்ரீடா அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "பையனா, பொண்ணா?"

இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒரே ஏரிக்கரையில் வாழ்ந்த இருவருக்கும் நடுவில் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே கிடந்திருக்கிறது என்பது ஜெசிந்தாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"பொண்ணு," என்றார் டோனல்.

"ம்," என்றாள் ப்ரீடா. பிறகு, "முடி இருந்துதா?"

"இருந்துது. நல்ல செம்பட்டை. ஈரமா நெத்தில ஒட்டிக்கிட்டு."

"எங்க அப்பா முடி," என்றாள். அவள் முகத்தில் வந்தது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "கண்ணு திறந்திருந்துதா?"

கரையில் திருவிழாவுக்கு வந்தவர்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். மீன் தூண்டிலோடும் காமிராவோடும் பலகையில் ஏறி வந்து, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா மேட்டைவிட்டு இறங்கி, அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள். கையில் மைக் இல்லை. "இந்தப் பக்கம் குழந்தைகளைப் புதைச்ச இடம்," என்று சொன்னாள். "அவங்க அம்மா அப்பா வந்திருக்காங்க. நாம கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போவோம்." அவர்கள் காமிராக்களை இறக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தார்கள்.

மடாலயத்துச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகும்போது, மேட்டில் மற்றக் கிழவர்களும் ஒவ்வொருவராக ஏறி, ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், நாற்காலிகள் இடம் மாறுவதையும் அவள் பார்த்தாள். கூப்பிட ஆள் உயிரோடு இல்லாத பெண்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களோடு ஃபாதரும் இருந்தார். கோபுரத்தடியில் வந்து, உயரத்திலிருந்த வாசலை ஆட்களுக்குக் காட்டி, துறவிகள் ஏணியை இழுத்துக்கொண்ட கதையைச் சொல்ல வாயெடுத்தவள், அதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

முள்மரத்தடியில் அந்த இருவரும் இன்னும் நின்றிருந்தார்கள். ப்ரீடா ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்பது இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. டோனல் தொப்பியைப் புல்லில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒன்றை இன்னொன்றுக்கு அருகே கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவந்து, சரியான இடம் வந்ததும் நிறுத்தி, எடையே இல்லாத எதையோ தாங்குகிறவர்போல அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ப்ரீடா ஒரு அடி முன்னால் வந்து, அந்தக் கைகளுக்குள் குனிந்து பார்த்தாள்.